சமூக சேவையாளர் வேறு, சமூகப்பணியாளர் வேறு: பட்டப்பின் பயிற்சி பற்றிய ஒரு பார்வை

நமது பத்திரிகைகளில் ‘சமூக சேவையாளர்’ என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. கோயில் திருப்பணிக்குப் பணம் கொடுத்தவரும், பாடசாலைக்குக் கணினி அன்பளிப்புச் செய்தவரும், விளையாட்டுக் கழகத்தை நடத்துபவரும் சமூக சேவையாளர்தான். மரண அறிவித்தல்களில் சமாதான நீதவான் பட்டத்தோடு அதுவும் சேர்ந்து வரும். இதில் பிழை எதுவுமில்லை. ஆனால், இந்தச் சொல் எல்லோருக்கும் பொதுவானதாக இருப்பதால், ஆங்கிலத்தில் ‘சோஷல் வேர்க்கர்’ என்று அழைக்கப்படுகின்ற, படித்துப் பயிற்சி பெற்றுச் செய்யவேண்டிய ஒரு தொழில் நம்மிடையே பெயரின்றியே இருந்துவருகிறது. அதைச் ‘சமூகப்பணி’ என்றும் அதைச் செய்பவரைச் ‘சமூகப்பணியாளர்’ என்றும் கல்வித்துறையில் அழைக்கிறார்கள். இந்தக் கட்டுரையும் அந்தச் சொற்களையே பயன்படுத்துகிறது.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்க்கலாம். வன்னியில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மூன்று வாரங்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. தாய் நுண்கடன் தவணை கட்டுவதற்காக வேறு மாவட்டத்தில் வேலைக்குப் போயிருக்கிறார். தகப்பன் குடிக்கிறார். அம்மம்மா படுத்த படுக்கை. விடயம் வெளியே வந்ததும் கிராம அலுவலர் வருவார். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வருவார். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், உளவளத்துணை உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் வரக்கூடும். ஒவ்வொருவரிடமும் ஒரு படிவம் இருக்கும். ஒவ்வொருவரும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில், பிள்ளையை ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடுவது எல்லோருக்கும் இலகுவான முடிவாகத் தோன்றும்.

அது சரியான முடிவா? அம்மம்மாவைப் பராமரிக்க ஒரு வழியும், கடன் தவணையை மாற்றியமைக்க ஒரு வழியும் கிடைத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கமுடியுமா? அல்லது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆபத்து ஏதாவது அந்த வீட்டுக்குள் இருக்கிறதா? அவளிடம் இதைப்பற்றி யார், எங்கே வைத்து, எப்படிக் கேட்டார்கள்? நல்ல மனம் மட்டும் இருந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடாது. இரண்டு பக்கத்திலும் தவறு நேரலாம். தேவையில்லாமல் பிரித்தாலும் பிள்ளைக்குக் கேடு, தேவையான நேரத்தில் பிரிக்காவிட்டாலும் கேடு. இந்தத் தீர்மானத்தைப் பொறுப்புடன் எடுக்கப் பழக்குவதுதான் சமூகப்பணிக் கல்வி.

சமூகப்பணி என்றால் என்ன?

சமூகப்பணியாளர்களின் சர்வதேச சம்மேளனமும், சமூகப்பணிக் கல்லூரிகளின் சர்வதேச சங்கமும் 2014 ஜூலையில் மெல்பேர்ண் நகரில் ஒரு பொது வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டன. சமூகப்பணி என்பது நடைமுறை சார்ந்த ஒரு தொழில் மட்டுமல்ல, ஒரு கல்வித்துறையும்கூட என்பது அதன் முதல் அம்சம். சமூக நீதி, மனித உரிமைகள், கூட்டுப் பொறுப்பு, வேறுபாடுகளை மதித்தல் ஆகியன அதன் அடிப்படைகள் என்பது இரண்டாவது. தனிமனிதரோடு மட்டுமன்றி, அவரை நெருக்கும் அமைப்புகளோடும் வேலை செய்யவேண்டும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது அம்சமே சமூகப்பணியை உளவளத்துணையிலிருந்து வேறுபடுத்துகிறது. உளவளத்துணையாளர் ஒருவரின் மனநிலையோடு வேலை செய்கிறார். சமூகப்பணியாளர் அதே ஆளின் வீடு, வருமானம், கடன், உறவுகள், பாடசாலை, நீதிமன்றம், பிரதேச செயலகம் எல்லாவற்றோடும் சேர்த்து வேலை செய்கிறார். கொடுப்பனவு வழங்கும் உத்தியோகத்தரிடமிருந்தும் அவர் வேறுபடுகிறார். ‘அஸ்வெசும’ பட்டியலில் ஒரு குடும்பம் தகுதி பெறுகிறதா இல்லையா என்று பார்ப்பது நிர்வாக வேலை. தகுதி பெறாத குடும்பம் அடுத்த மாதத்தை எப்படிக் கடக்கப்போகிறது என்று அவர்களோடு உட்கார்ந்து திட்டமிடுவது சமூகப்பணி.

தர்மத்திலிருந்து தொழிலுக்கு

இந்தத் தொழில் தர்மகாரியத்திலிருந்தே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன், நியூயோர்க் போன்ற நகரங்களில் ஏழைகளுக்கு உதவிய சங்கங்கள், தமது தொண்டர்களுக்குப் பயிற்சி தேவை என்பதை உணர்ந்தன. 1898இல் நியூயோர்க்கில் ஒரு கோடைகாலப் பயிற்சி வகுப்பு ஆரம்பமானது. பின்னர் அது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிக் கல்லூரியாக வளர்ந்தது. 1899இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு முழுநேரக் கல்லூரி தொடங்கியது. 1917இல் மேரி றிச்மண்ட் வெளியிட்ட ‘சமூக நோயறிதல்’ என்ற நூல், ஒரு குடும்பத்தின் நிலையை ஆதாரங்களோடு ஆராய்ந்து முடிவுக்கு வரும் முறையை எழுத்தில் வைத்தது.

தெற்காசியாவில் 1936இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரியே முன்னோடி. அதுவே இன்றைய டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிக் கல்லூரி உருவானது. இந்தியாவில் இந்தக் கல்வி ஆரம்பத்திலிருந்தே பெரிதும் பட்டப்பின் படிப்பாகவே வளர்ந்தது. வேறொரு துறையில் பட்டம் பெற்றவர் இரண்டு வருடங்கள் படித்துச் சமூகப்பணி முதுமாணி ஆவதே அங்கு வழமையான பாதை.

இலங்கையிலும் தொடக்கம் அதே 1952தான். அந்த ஆண்டில் கொழும்பில் ஒரு சமூகப்பணிப் பயிற்சி நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. 1964இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் உருவாக்கப்பட்டபோது, சமூகப்பணிக் கல்லூரி அதன் ஓர் அங்கமானது. பல தசாப்தங்களாக டிப்ளோமாவே இங்கு உயர்ந்த தகைமையாக இருந்தது. சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005இலும், முதுமாணிப் பட்டம் 2008இலும்தான் வந்தன. பயிற்சி தொடங்கியதற்கும் பட்டம் வந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருக்கிறது. யுத்தத்தின் பெரும்பகுதியும், 2004 டிசம்பர் சுனாமியும் பட்டதாரிச் சமூகப்பணியாளர் என்று ஒருவர்கூட உள்நாட்டில் உருவாகாத காலத்திலேயே நடந்தன என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

வகுப்பறையில் படிப்பது

பட்டப்பின் சமூகப்பணிப் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் சமூகவியல், உளவியல், சட்டம், கல்வி, முகாமைத்துவம் போன்ற துறைகளில் பட்டம் பெற்றவர்கள். பல வருடங்கள் களத்தில் வேலைசெய்த அனுபவத்துடன் வருபவர்களும் உண்டு. நாட்டுக்கு நாடு பாடங்களின் பெயர் மாறினாலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலாவது, மனித வளர்ச்சியும் நடத்தையும். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை மனிதர் எப்படி வளர்கிறார், இழப்பும் வன்முறையும் அதை எப்படிப் பாதிக்கின்றன என்பதைப் படிக்கிறார்கள். இரண்டாவது, முறைகள். தனியாள் பணி, குழுப் பணி, சமுதாய ஒழுங்கமைப்பு என்ற மூன்றும் பழைய அடிப்படை முறைகள். சமூகநல நிர்வாகம், சமூக ஆய்வு, சமூகச் செயற்பாடு ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துக் கற்பிப்பார்கள். மூன்றாவது, சட்டமும் கொள்கையும். இலங்கையில் பணியாற்றுபவருக்கு 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை உருவாக்கிய சட்டம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகியவை தெரிந்திருக்கவேண்டும். வீட்டு வன்முறை வழக்குகளில், தரப்பினருக்கு ஆலோசனை வழங்குமாறு சமூகப்பணியாளர் ஒருவருக்கு நீதிமன்றம் கட்டளையிட இந்தச் சட்டம் இடமளிக்கிறது. நீதிமன்றம் நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் அந்த ஆள் எங்கே, என்ன படித்தவர் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது.

நான்காவது, ஆய்வு. முதுமாணி மாணவர் பெரும்பாலும் ஓர் ஆய்வேடு எழுதவேண்டியிருக்கும். ஐந்தாவது, தொழில் ஒழுக்கம். இரகசியம் காத்தல், சம்மதம் பெறுதல், சேவை பெறுபவர் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, தொழில் உறவுக்கும் சொந்த உறவுக்கும் இடையிலான எல்லை என்பன இதில் அடங்கும்.

இந்த ஐந்தாவது பாடம் நமது ஊர்களில் மிகவும் கடினமானது. சிறிய கிராமத்தில் சமூகப்பணியாளர் போகும் வீடு அவருக்கு மாமி முறையாக இருக்கலாம். அவர் எந்த வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்தினார் என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். எந்த வீட்டில் தேநீர் குடித்தார், எந்த வீட்டில் குடிக்கவில்லை என்பதைச் சாதியின் கண்கொண்டு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பாடநூலில் இதற்கு நேரான பதில் கிடைக்காது. அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவரோடு பேசித்தான் இதைக் கற்றுக்கொள்ளமுடியும்.

களப்பயிற்சியே முதுகெலும்பு

சமூகப்பணிக் கல்வியின் பாதி வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது. மருத்துவ மாணவருக்கு வைத்தியசாலை விடுதி எப்படியோ, சமூகப்பணி மாணவருக்குக் களம் அப்படி. இங்கிலாந்தில் தகைமை தரும் கற்கைநெறிகளில் மாணவர் 200 நாட்கள் நடைமுறைப் பயிற்சி பெறவேண்டும். அதில் 30 நாட்கள் வரை திறன் பயிற்சியாக இருக்கலாம். மிகுதி நாட்களைக் குறைந்தது இரண்டு வேறுபட்ட இடங்களில் செலவிடவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் முதுமாணி மாணவருக்குக் குறைந்தது 900 மணித்தியாலங்கள். அவுஸ்திரேலியாவில் 1,000 மணித்தியாலங்கள்.

அந்த நாட்களில் மாணவர் என்ன செய்கிறார்? சிறுவர் இல்லம், வைத்தியசாலை உளநலப் பிரிவு, நன்னடத்தை அலுவலகம், முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு போன்ற ஓர் இடத்தில் இணைக்கப்படுகிறார். சில குடும்பங்களின் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்படும். சந்திப்பு முடிந்ததும் செயன்முறைப் பதிவு எழுதவேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன தோன்றியது, எங்கே அவசரப்பட்டேன் என்றெல்லாம் அதில் எழுதவேண்டும். குடும்ப வரைபடம், சூழல் வரைபடம் என்பவற்றை வரையவேண்டும். பிறகு மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து அந்தப் பதிவை வரிவரியாகப் பார்க்கவேண்டும்.

இந்த மேற்பார்வைதான் பயிற்சியின் உயிர். யுத்தத்துக்குப் பிந்திய நமது பகுதிகளில் வேலைசெய்யும் இளைஞர்களுக்கு இது இரட்டிப்பாகத் தேவை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயோடு பேசுபவர், பெரும்பாலும் தானும் இடம்பெயர்ந்து, தானும் யாரையோ இழந்தவராக இருப்பார். அவரது காயமும் அந்த உரையாடலுக்குள் வரும். அதைப் பேசுவதற்கு ஓர் இடமில்லாதபோது, சிலர் சோர்ந்துபோய் வேலையை விடுகிறார்கள். வேறு சிலர் மனம் மரத்துப்போய்ப் படிவம் நிரப்புபவர்களாக மாறிவிடுகிறார்கள்.

பெயருக்கு ஒரு காவல்

வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுசெய்திருக்கவேண்டும். ‘சமூகப்பணியாளர்’ என்ற பெயருக்கு அப்படியொரு சட்டக் காவல் நீண்டகாலமாக இந்த நாட்டில் இருக்கவில்லை. பதிவும் ஒழுக்கக் கோவையும் முறைப்பாட்டு விசாரணையும் உள்ள ஒரு சபை வேண்டும் என்பது இத்துறையினரின் பழைய கோரிக்கை.

இங்கிலாந்தின் அனுபவம் இதில் பாடமாகக் கூடியது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விக்டோரியா க்ளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னைப் பொறுப்பேற்றிருந்த உறவினரின் கொடுமையால் லண்டனில் உயிரிழந்தாள். சமூகப்பணியாளர்கள், பொலிஸார், வைத்தியசாலைகள் எனப் பல தரப்பினரின் கண்ணில் அவள் பட்டிருந்தாள். எவரும் முழுப் படத்தையும் பார்க்கவில்லை. லோர்ட் லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003இல் வெளியானது. அதே ஆண்டு அங்கு சமூகப்பணிக்கான தகைமை டிப்ளோமாவிலிருந்து பட்டமாக உயர்த்தப்பட்டது. 2005 ஏப்ரலிலிருந்து பதிவு செய்யாத எவரும் அந்தத் தொழிற்பெயரைப் பயன்படுத்தமுடியாது. இன்று ‘சோஷல் வேர்க் இங்கிலாந்து’ என்ற அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து அந்தப் பதிவேட்டைப் பேணுகிறது. வேறு துறைப் பட்டதாரிகள் இரண்டு வருட முதுமாணி மூலமோ, 14 மாத விரைவுப் பாதை மூலமோ இந்தப் பதிவுக்குத் தகுதி பெறலாம்.

பதிவு வந்ததால் அங்கே பிள்ளைகளின் மரணம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால் தவறு நடந்தால் யாரிடம் கேட்பது, யாரைத் தொழிலிலிருந்து நிறுத்துவது என்பதற்கு ஒரு விலாசம் இருக்கிறது.

திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்

வடக்கு கிழக்கில் சுனாமிக்குப் பின்னும், 2009க்குப் பின்னும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ‘உளசமூகப் பணியாளர்’, ‘களப் பணியாளர்’, ‘சமூக ஊக்குவிப்பாளர்’ என்ற பெயர்களில் வேலை செய்தார்கள். சில நாட்கள் அல்லது சில வாரங்கள் பயிற்சி, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கோப்பு. அவர்களில் பலர் அருமையாக வேலை செய்தார்கள். ஆனால் நன்கொடை நின்றதும் திட்டம் நின்றது. அவர்கள் சேர்த்த அனுபவத்தை ஒரு தகைமையாக மாற்றுவதற்கான ஏணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை. மக்களுக்கும் ஒரு சலிப்பு மிஞ்சியது. ‘எத்தனை பேர் வந்து விபரம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்’ என்று இன்றும் பல வீடுகளில் சொல்வதைக் கேட்கலாம்.

மலையகத்திலும் தேவை குறைவில்லை. தாய் மத்திய கிழக்கில், பிள்ளை லயன் அறையில் பாட்டியோடு என்ற நிலை அங்கே புதிதல்ல. மலையகப் பிள்ளையின் பேச்சும் வன்னிப் பிள்ளையின் பேச்சும் மட்டக்களப்புப் பிள்ளையின் பேச்சும் ஒன்றல்ல. துன்பத்தைச் சொல்ல அவர்கள் பயன்படுத்தும் சொற்களும் வேறு. ‘நெஞ்சு எரியுது’, ‘மனம் சரியில்லை’ என்று ஒருவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டு மதிப்பீடு எழுதமுடியாது. பட்டப்பின் மட்டத்தில் பாடநூல்கள் பெரிதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், தமிழில் படித்துப் பட்டம் பெற்ற களப் பணியாளருக்கு அந்தப் படி உயரமாகிவிடுகிறது. களத்தில் அதிகம் தேவைப்படுபவர் வகுப்பறை வாசலிலேயே நின்றுவிடக்கூடாது.

சேரமுன் கேட்கவேண்டியவை

இந்தத் துறையில் பட்டப்பின் படிப்பைத் தொடர நினைப்பவர்கள் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னர் சில விடயங்களைக் கேட்டறிவது நல்லது.

முதலில், பட்டத்தின் நிலை. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். 30 கிரெடிட் கொண்ட பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் கொண்ட இரண்டு வருட முதுமாணி 10ஆம் மட்டம். பெயரில் ‘மாஸ்டர்’ என்று இருந்தால் எல்லாம் ஒன்று என நினைக்கவேண்டாம். பட்டம் வழங்கும் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, இது சமூகப்பணிப் பட்டமா, அல்லது சமூகவியல், அபிவிருத்திக் கல்வி, உளவளத்துணை போன்ற அயல்துறைப் பட்டமா? அவையும் பயனுள்ளவைதான். ஆனால் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி இல்லாத பட்டம் ஒருவரைச் சமூகப்பணியாளர் ஆக்காது.

மூன்றாவது, களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், எங்கே, மேற்பார்வையாளர் யார், அவர் சமூகப்பணி படித்தவரா? வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிப்பவர்கள், களப்பயிற்சிக்கு அலுவலகம் விடுமுறை தருமா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளவேண்டும்.

நான்காவது, மொழி. விரிவுரை, பரீட்சை, ஆய்வேடு ஒவ்வொன்றும் எந்த மொழியில் என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

ஐந்தாவது, வெளிநாட்டு எண்ணம் இருந்தால், அந்த நாட்டின் பதிவு விதிகளை இப்போதே வாசிக்கவேண்டும். இங்கே பெற்ற பட்டம் எங்கும் தானாகப் பதிவைத் தராது. பாடங்களின் விபரம், களப்பயிற்சி மணித்தியாலங்கள் என்பவற்றுக்கு எழுத்து ஆதாரம் கேட்பார்கள். களப்பயிற்சிப் பதிவுகளை மாணவராக இருக்கும்போதே ஒழுங்காகச் சேர்த்து வைப்பவருக்கு இது பின்னர் பெரும் உதவியாகும். சேவை பெற்றவர்களின் பெயரும் விபரமும் அதில் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத்தேவையில்லை.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, சமூக சேவைகள், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆகிய திணைக்களங்களும், அரசாங்க வைத்தியசாலைகளில் உளநல சமூகப்பணியாளர் பதவியும், அரசசார்பற்ற நிறுவனங்களும் உள்ளன. ஆனால் பல அரச பதவிகளுக்கு ஏதாவதொரு பட்டம் போதும் என்ற நிலையே தொடர்ந்து வந்திருக்கிறது. சமூகப்பணி படித்தவரும் படிக்காதவரும் ஒரே கதிரைக்குப் போட்டியிடும்போது, படிப்பதற்கான ஊக்கம் எங்கிருந்து வரும்? பயிற்சியை விரிவாக்குவதும், பதவிகளுக்கு அந்தப் பயிற்சியைத் தகைமையாக்குவதும், பதிவுச் சபை அமைப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை விட்டு மற்றதைச் செய்யமுடியாது.

மீண்டும் அந்த வன்னி வீட்டுக்கு வருவோம். பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே போனால் அற்புதம் எதுவும் நடந்துவிடாது. தகப்பன் மறுநாளே குடியை நிறுத்தமாட்டார். கடன் மறைந்துவிடாது. ஆனால் பிள்ளையிடம் யாராவது தனியாக, அவசரமில்லாமல் பேசியிருப்பார்கள். ஐந்து கோப்புகள் ஒரு திட்டமாகியிருக்கும். பிள்ளையைப் பிரிப்பதானால் ஏன், எத்தனை காலத்துக்கு, திரும்பி வருவதற்கு என்ன செய்யவேண்டும் என்பது எழுத்தில் இருக்கும். மூன்று மாதத்தின் பின் அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒருவர் போயிருப்பார். அந்தப் பிள்ளைக்கு இவ்வளவாவது கிடைக்கவேண்டும் என்று நாம் நினைத்தால், அதைச் செய்பவரைப் படிப்பித்து, மேற்பார்வை செய்து, பொறுப்புக்கூற வைப்பதும் நமது கடமையாகிறது.